எட்டாவது போல்ற்

டிப்ஸ்ரிக்கை உருவினபோது
ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
இவர் ஒன்றும் பேசவில்லை.
சறத்துத் தலைப்பில் துடைத்துப்போட்டு
மறுபடி உருவிப் பார்த்தார்,
இரண்டாம் தரம் பார்த்தால் நிறம் மாறிவிடும் என்பதுபோல.

வியாழன் தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றவேணும்.
வெள்ளி லீசிங்காரன் வருவான்.
கராஜில் சொன்ன கணக்குக்கு
இன்னொரு லீசிங் போடலாம்.
ஆனபடியால் உரும்பிராயில், எங்கள் வளவில்,
கிணற்றடிக்கும் பலாவுக்கும் நடுவே
லொறி வாயைத் திறந்தபடி நின்றது.

குற்றம் ஆருடையது என்று
எனக்கு மட்டும் தெரியும்.
ஏழு வருசமாய் விடியப்புறம்
ரேடியேற்றருக்குத் தண்ணி வார்க்கிறவள் நான்.
எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லின் வேர்வை.
கேத்தில் அடியில் முட்டைக்கோதுபோலப் படியும்,
மாதம் ஒருக்கால் கரண்டியால் சுரண்டுவேன்.
எஞ்சினுக்குள்ளும் அதே கோது வளர்ந்திருக்கும்,
சுரண்ட ஆளில்லாமல்.

புஷ்றொட்டுகளை இவர் ஒவ்வொன்றாய் எடுத்துத் தர
பிஸ்கற் மட்டையில் துளைபோட்டு
வரிசை குலையாமல் குத்திவைத்தேன்.
பன்னிரண்டும் நாற்றுமேடைபோல் நின்றன.
கழற்றின போல்றுகள் பால்மா ரின்னுக்குள்.
ஹெட் இரண்டையும் தூக்க
பக்கத்து வளவு றெஜினோல்ட்டும் தம்பியும் வந்தார்கள்.
பலாக்கொப்பில் சங்கிலி கொழுவி
"மெல்ல, மெல்ல" என்றார்கள்
சவப்பெட்டி தூக்குகிற குரலில்.

முன்ஹெட்டின் கஸ்கற்
இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் இடையில்
ஒரு நெல்லுமணி அகலத்துக்குக் கருகியிருந்தது.
அவ்வளவுதான்.

மகளின் இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து
ரோச் அடித்துப் பார்த்தோம்.
அடியால் வெளிச்சம் கசிந்தது.
சுன்னாகத்து லேத்துக்கு ஓட்டோவில் கொண்டுபோய்,
சீவி, என் காலுக்கிடையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ரோர்க் றெஞ்ச் டிப்போ நேசராசாவுடையது.
விடிய நாலரைக்கு முதல் அவர் கைக்குப் போகவேணும்.

நடுவில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே.
முதல் சுற்று நாற்பது இறாத்தல்.
பிறகு எழுபது. பிறகு நூற்றுப்பத்து.
மட்டையைப் பார்த்து நான் இலக்கம் சொல்ல
இவர் இழுக்க
றெஞ்ச் டிக் என்னும்.
அடுத்தது. டிக். அடுத்தது.

எட்டாவது சொல்லவில்லை.
இழுக்க இழுக்க
மாஜரினுக்குள் போவதுபோலப் போனது.
கையை எடுத்தார்.
"மரை போச்சு" என்று
அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.
மேலே வௌவால் ஒன்று பழத்தைக் கீழே போட்டது.

ரோச்சைக் கிட்டக் கொண்டுபோனேன்.
எட்டாவதுக்கு நேரே, புளொக்கின் விளிம்பில்,
ஆரோ பஞ்சால் அடித்த இரண்டு குத்து.
முதல்நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தபோது
துரு என்று நினைத்த இடம்.

பால்மா ரின்னைச் சாக்கில் கவிழ்த்தேன்.
பழைய போல்றுகளில் ஒன்றின் தலையில்
அதே இரண்டு குத்து.
புதியதோடு ஒட்டிப் பார்த்தால்
ஒரு விரல்நகம் நீளம்.

எங்களுக்கு முதல் இந்த லொறிக்கு
நாலு சொந்தக்காரர். புத்தகத்தில் இரண்டு பேர்தான்.
எந்த வளவில், எந்த வெளிச்சத்தில்,
ஆழத்தில் மிஞ்சிக் கிடந்த மரையைத் தேடி
நீளப் போல்ற் இறக்கினவன் அவன்,
எழுதி வைக்கக் கடதாசி இல்லாதவனோ
நேரம் இல்லாதவனோ.

நாற்பது. டிக்.
எழுபது. டிக்.
நூற்றுப்பத்துக்கு இழுக்கையில்
இவர் கண்ணை மூடிக்கொண்டார்.
நான் மூடவில்லை,
ரோச் என் கையில்.

டிக்.

நாலு பத்துக்கு நேசராசாவின் கேற்றில்
றெஞ்சைத் துணியால் சுற்றிக் கொழுவினேன்.
திரும்பி வரும்போதே சத்தம் கேட்டது.
புகை வெள்ளையாய் வந்து, மெலிந்து, இல்லாமல் போனது.

இப்போது பீலிக்குக் கீழே இரண்டு பரல் நிற்கிறது.
லொறிக்கு மழைத்தண்ணி.
எங்களுக்குக் கிணறு.
பரல் ஏன் என்று இவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.